இடதுகால் பூட்ஸுக்கு ஒரு சுவர்

வீட்டில் ஒரே ஒரு சுவராவது இனி தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தார். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவு அது. முடிவெடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடுத்த முடிவை வீட்டில் சொல்வதில்தான் கொஞ்சம் சுணக்கம். அன்றும் வாயில் நுரை இருந்ததால்தான் சொல்லவில்லை, இல்லையென்றால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தார்.

நம்மவர் ஒரு பம்பு கம்பெனியில் கிடங்கு மேற்பார்வையாளர். அங்கே அவர் தலையசைக்காமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது. லாரி டிரைவர்கள் அவரைக் கண்டதும் சிகரெட்டை அணைப்பார்கள். வீட்டில் நிலைமை வேறு. வீட்டம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு திரியும் டாக்டர்களே அந்த அம்மையார் வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அப்படியிருக்க, நம்மவர் எம்மாத்திரம்?

அவருடைய உயிர் ஒரு பூட்ஸில் இருந்தது. ஒற்றைப் பூட்ஸ். இடது கால். எப்போதோ கொட்டும் மழையில் நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், 'இடி' என்று ஊரெல்லாம் கூப்பிட்ட ஆட்டக்காரர் உதைத்து கோல் போட்டாரே, அந்தக் காலில் இருந்த பூட்ஸ். அந்த அணியின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்தவர், வீடு காலி பண்ணும்போது நம்மவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வலது பூட்ஸ் எங்கே என்று கேட்பவர்களை நம்மவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கோல் போட்டது இடது கால். வலது கால் அன்றைக்குச் சும்மா கூட வந்தது, அவ்வளவுதான். பூட்ஸின் அடியிலும் ஓரத்திலும் அந்த மைதானத்துச் சேறு காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றை அவர் தன் பிள்ளைகளைப் பார்ப்பதைவிடப் பாசமாகப் பார்ப்பார். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். சேறு போகவில்லை.

இப்பேர்ப்பட்ட பூட்ஸ் கட்டிலுக்கடியில், ஒரு தகரப் பெட்டியில், பழைய பனியனைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. நம்மவருக்கு அதுதான் தீராத துக்கம். அந்தத் துக்கத்தைக் கிளறிவிட்டவர், பழைய விளையாட்டுப் பொருள் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அந்தச் சங்கத்தில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று நம்மவர் நெடுநாளாக அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் செயலாளர் நின்று, ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சார், சுவர்ல இருந்தா அது சேகரிப்பு. கட்டிலுக்கடியில இருந்தா அது வெறும் சாமான். முறையா சட்டம் போட்டு, ஹால்ல மாட்டிட்டுக் கூப்பிடுங்க. வந்து பார்க்கிறேன்."

அதனால்தான் சுவர். ஆனால் எந்தச் சுவர்? கிடங்கில் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் இல்லையா, வீட்டையும் அளந்தார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மத்தியான வெயில் நேராக விழும். தோல் வெடித்துவிடும். சமையலறையை ஒட்டிய சுவரில் ஆவி. குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஈரம், பூஞ்சை பிடிக்கும். மிச்சம் இருந்தது படுக்கையறை. அதைப்பற்றிக் கொஞ்சம் துணிச்சலாகவே கேட்டுப்பார்த்தார்.

"ஏம்மா, பூட்ஸை நம்ம ரூம்ல மாட்டட்டுமா?"

"காலையில கண்ணைத் திறந்தா பூட்ஸ் முகத்துல முழிக்கணுமா?"

"பூட்ஸுக்கு ஏது முகம்?"

"இப்ப ஒரு முகத்துல முழிக்கிறேனே, அதுவே போதும்னு சொல்றேன்."

ஆக, பாக்கி ஒரே ஒரு சுவர். ஹாலின் உள்சுவர். வெயில் இல்லை, ஈரம் இல்லை, ஆவி இல்லை. வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர். பூட்ஸுக்காகவே கட்டியது மாதிரி இருந்தது. ஒரே ஒரு சிக்கல், அங்கே ஏற்கெனவே மாமனார் இருந்தார்.

மாமனார் என்றால் மாமனாரின் படம். மாமனார் உயிரோடு, நல்ல ஆரோக்கியமாக, இரண்டு தெரு தள்ளி மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். பஸ்ஸில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு எடுத்த படம் அது. காக்கிச் சட்டை, நெஞ்சில் விசில், தோளில் தோல் பை, 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று சொல்லப் போகிற மாதிரி ஒரு பார்வை. ஆளுயரத்தில் பாதிக்குப் பெரிதுபண்ணி அம்மையாரே மாட்டியது. நம்மவர் ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும், டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்ப்பது மாதிரியே மாமனார் அவரைப் பார்ப்பார்.

இந்தப் படத்தை இறக்கச் சொல்லி நேராகக் கேட்டால் என்ன ஆகும் என்று நம்மவருக்குத் தெரியும். எனவே சுற்றுவழியில் போனார். அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டார். திட்டம் இதுதான்: படத்துக்கு ஆபத்து என்று கிளப்ப வேண்டும். பாதுகாப்பு வேலைக்கென்று சட்டம் போடும் கடையில் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் ரகசியமாகச் சொல்லி இரண்டு மாதம் இழுத்தடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பூட்ஸ் சுவரில் ஏற வேண்டும், செயலாளர் வந்து பார்க்க வேண்டும், சங்கத்தில் சேர வேண்டும். அப்புறம் மாமனார் திரும்பி வந்தால் படுக்கையறையில் வைத்துக்கொள்ளட்டும். அப்பா முகத்தில் முழிக்க மாட்டேன் என்றா சொல்லப் போகிறாள்?

மறுநாள் சாயங்காலம், அம்மையார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"மாமா மஞ்சளா ஆயிட்டு வர்றார், கவனிச்சியா?"

அம்மையார் கையிலிருந்த துணியை அப்படியே போட்டார். "எப்ப பார்த்தீங்க? கண்ணும் மஞ்சளா இருக்கா? சாப்பிடுறாரா? நாளைக்கே ரத்தம் எடுத்துடணும்..."

"ஐயோ, படத்தைச் சொன்னேன்மா."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னு போச்சு."

"நிக்க வேண்டிய விஷயம்தான் இதுவும்," என்று நம்மவர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி இருக்கிற அட்டையில அமிலம் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாமாவை அரிச்சுக்கிட்டிருக்கு. கண்ணாடி வேற படத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. மாமாவுக்கு மூச்சுவிட இடமில்லை."

"அப்படியா?"

"பின்னே? கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல இடைவெளி விடணும். அமிலமில்லாத அட்டை வைக்கணும். பசை ஒட்டக் கூடாது. வெறுங்கையால தொடக் கூடாது, கையில இருக்கிற எண்ணெயும் வேர்வையும் படும். முக்கியமா, பழைய பொருளைத் துடைக்கவே கூடாது. அழுக்குதான் அதோட வயசு. அழுக்குப் போனா மதிப்புப் போச்சு."

"அழுக்குப் போனா மதிப்புப் போச்சு," என்று அம்மையார் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரிங்க. கொடுத்திடலாம்."

நியாயமாகப் பார்த்தால் நம்மவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு தக்காளி வாங்கும் விஷயத்துக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' வந்ததில்லை. ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

சனிக்கிழமை படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினால், அம்மையாரும் கைப்பையோடு வாசலில் நின்றார்.

"நீ எதுக்கும்மா? லீவு நாள், படுத்து ரெஸ்ட் எடேன்."

"பேஷன்ட்டை அட்மிட் பண்ணும்போது வீட்டு மனுஷங்க ஒருத்தர் கூட வர வேண்டாமா? நடங்க."

சட்டம் போடும் கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. தரையெல்லாம் மரத்தூள். சுவர் முழுக்க, வாங்க வராமலே விட்ட கல்யாணப் படங்களில் முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கை வேலை செய்கிற வேகத்துக்கு வாயும் வேலை செய்யும். இவர்களைப் பார்த்ததும் மூலையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க சார், வாங்க! கரெக்டான நேரத்துக்கு வந்தீங்க. உங்க பூட்ஸ் பெட்டி ரெடி. ஆழம் பாருங்க, பூட்ஸ் கண்ணாடியில படவே படாது. வெயில் தாக்காத கண்ணாடி போட்டிருக்கேன். ஹால் சுவருக்கு நீங்க கொடுத்த அளவு அச்சு அசலா வந்திருக்கு."

நம்மவர் இருமினார்.

"தண்ணி வேணுமா சார்? உங்க மாமனார் படம் இருக்கிற இடம்னு சொன்னீங்களே, அதே ஆணியில மாட்டிக்கலாம், புதுசா துளை போட வேண்டாம். அந்தப் படத்தைத்தான் நான் ரெண்டு மாசம்..."

நம்மவர் இருமிய இருமலில் ஒரு கல்யாணப் படம் ஆடியது. தம்பி நிறுத்தினான். துணி சுற்றிய படத்தைப் பார்த்தான். அம்மையாரைப் பார்த்தான். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக இருக்கும், வாயை மூடிக்கொண்டான்.

நம்மவர் நிலநடுக்கத்துக்குத் தயாரானார். ஆனால் அம்மையார் பெட்டிச் சட்டத்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கே தம்பி. இதுக்குள்ள பூட்ஸ் மட்டும்தான் வைக்கலாமா?"

"என்ன வேணா வைக்கலாம் மேடம்! மட்டை, பந்து, தொப்பி, கோப்பை..." தம்பிக்குப் போன உயிர் வந்தது. "எதுவா இருந்தாலும் பசை போடாம நூலால கட்டி நிறுத்திடுவேன்."

"இதை விடச் சின்னதா, நீளமா ஒண்ணு பண்ணுவியா?"

"ஒரு வாரத்துல!"

"அப்பா படத்துக்கு நல்ல அட்டை மாத்த எவ்வளவு நாள் ஆகும்?"

தம்பி நம்மவரைப் பார்த்தான். நம்மவர் மரத்தூளைப் பார்த்தார்.

"அது... ஒரு மணி நேரம் மேடம்."

படம் அன்று மத்தியானமே வீடு திரும்பிவிட்டது. வழியெல்லாம் நம்மவர் பத்து விதமான விளக்கங்களை மனசுக்குள் தயார் செய்து, ஒவ்வொன்றையும் தானே நம்பாமல் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சூடாக ஒரு காபி வந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"பூட்ஸ் மாட்டணும்னா நேரா கேட்டிருக்கலாமே," என்றார் அம்மையார். "நான் என்ன, முடியாதுன்னா சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? அந்தச் சுவர் அவ்வளவு பெருசு. அப்பா கொஞ்சம் தள்ளிக்கட்டும். உங்க பூட்ஸும் இருக்கட்டும்."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தங்கமான மனுஷியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார்.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மையார். "அது விளையாட்டுச் சாமான் சுவர்னு ஆயிட்டா, வேற ஆட்டக்காரங்க சாமான் வந்தாலும் இடம் கொடுக்கணும். சரிதானே?"

"தாராளமா! எவ்வளவு வேணா வரட்டும்!" இருந்த சந்தோஷத்தில் நம்மவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு ஆட்டக்காரர் சாமானைவிட இரண்டு ஆட்டக்காரர் சாமான் இருந்தால் செயலாளருக்கு இன்னும் பிடிக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து மாமனார் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு கரண்டி. சாதாரண அலுமினியக் கரண்டி. நசுங்கிய, கறுத்த, காலத்தால் அடிபட்ட கரண்டி.

"என்ன மாமா, கரண்டி?"

"எலுமிச்சம்பழ ஓட்டம், மாப்பிள்ளை," என்றார் மாமனார், படத்தில் இருக்கிற அதே பார்வையோடு. "டிப்போ விளையாட்டு விழாவுல வருஷா வருஷம் நான்தான் ஜெயிப்பேன். வாயில கரண்டி, கரண்டியில எலுமிச்சம்பழம். டிரைவருங்க, மெக்கானிக்குங்க எல்லாரும் பாதியிலயே பழத்தைக் கீழே போட்டுட்டுத் தேடுவாங்க. ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம, சில்லறை எண்ணிக்கிட்டே நிக்கிறவன்கிட்ட அவங்க பாச்சா பலிக்குமா?"

"ஆனா மாமா, இது... விளையாட்டுச் சாமானா?"

"ஓடினாரா இல்லையா?" அம்மையார் சமையலறையிலிருந்து கேட்டார்.

"ஓடினார்."

"ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சார்."

"அப்ப நீங்க சொன்ன வாக்கு என்ன ஆச்சு?"

கையில் ஆஸ்பத்திரி உறை மாட்டிக்கொண்டு அம்மையாரே கரண்டியை வாங்கினார். துடைக்கவில்லை, ஊதக்கூட இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப் போகிற மாதிரி பஞ்சில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் அது சின்னதாக, நீளமாக, அழகான பெட்டிச் சட்டத்தில் திரும்பி வந்தது. வெள்ளைப் பஞ்சணையில் கறுத்த கரண்டி, ராஜா மாதிரி படுத்திருந்தது. கைப்பிடி நுனியில் பல் பதிந்த தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

சுவர் நிரம்பிய விதத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் மாமனார் படம், ஏனென்றால் பழைய ஆணி அங்கே இருக்கிறது. மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாமனார் கரண்டி, ஏனென்றால் ஆளையும் கரண்டியையும் பிரித்து வைத்தால் வந்தவர்களுக்குப் புரியாது. பூட்ஸுக்கு வலதுபக்கம் கீழே, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. நம்மவர் அதையும் பொறுத்துக்கொண்டார். மூலையோ நடுவோ, சுவர் சுவர்தானே. செயலாளருக்குப் போன் போட்டார். "வர்ற ஞாயிறு பதினோரு மணிக்கு வர்றேன் சார்," என்றார் செயலாளர். நம்மவர் அன்றைக்கு ஹாலில் மாமனார் படத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு, தைரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை அம்மையார் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பூட்ஸ் முன்னால் வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க."

"சொல்லு, பரவாயில்லை."

"இல்லை, பெரிய மனுஷர் வர்றாரே... பக்கத்துல அப்பா படம் அட்டை மாத்தி, கண்ணாடி துடைச்சு பளிச்சுனு இருக்கு. இது மட்டும் மண்ணும் சேறுமா... வீட்ல ஷூ துடைக்கக்கூட ஆளில்லையான்னு நினைச்சுக்குவாரோன்னு பார்த்தேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. எனக்கென்ன தெரியும்."

அம்மையார் குளிக்கப் போய்விட்டார். நம்மவர் பூட்ஸைப் பார்த்தார். உண்மையிலேயே மங்கலாகத்தான் தெரிந்தது. மாமனார் வேறு நடுவில் நின்று பளபளத்துக்கொண்டிருந்தார். ஒரு கிடங்கு மேற்பார்வையாளருக்கு வெளியே போகிற சாமான் துடைக்காமல் போனால் கை அரிக்கும். லேசாக, ஓரமாக, ஒரே ஒரு தேய்ப்பு என்று பெட்டியின் பின்பக்கத் திருகைக் கழற்றினார். நூலை அவிழ்த்தார். துணியால் ஒரு தட்டுத் தட்டினார். சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது, அதனால் பாக்கியையும் துடைக்க வேண்டியதாயிற்று. துடைத்ததும் தோல் வறண்டு தெரிந்தது, அதனால் கொஞ்சம் பாலிஷ். பாலிஷ் போட்ட பிறகு பிரஷ் போடாமல் விட முடியுமா? அம்மையார் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பூட்ஸ் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் ஷூ மாதிரி ஜொலித்தது.

"அட, முகம் தெரியுது!" என்று பாராட்டினார் அம்மையார்.

மணி பதினொன்று அடித்தபோது செயலாளர் வந்தார். மாமனாரும் வந்திருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. செயலாளர் காபியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராகப் பூட்ஸிடம் போனார். குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார். பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னார். திறந்து முகர்ந்தார்.

"பாலிஷ் போட்டீங்களா?"

"லேசா சார்."

"லேசாவா? புது வாசனை வருது. சேறு இருந்ததுன்னு சொன்னீங்களே?"

"இருந்தது சார். காலையில வரைக்கும் இருந்தது."

"ஹூம். சேறு இருந்திருந்தா அந்த மைதானத்து மண்ணுன்னாவது சொல்லலாம். இப்ப இது 'இடி'யோட பூட்ஸ்தான்னு என்ன சாட்சி?"

"அந்த அணிச் சாமான் சுமந்தவர் கொடுத்தது சார்!"

"அவர் எங்கே?"

"காலமாயிட்டார்."

செயலாளர் கோர்ட்டில் வழக்குக் கட்டை மூடுகிற மாதிரி பெட்டியை மூடினார். திரும்பியவர் கண்ணில் கரண்டி பட்டது. பூதக்கண்ணாடி தானாக மேலே எழுந்தது.

"இது என்ன?"

"எலுமிச்சம்பழ ஓட்டம் சார்," என்றார் மாமனார்.

"துடைச்சீங்களா?"

"ஐயையோ, அழுக்குப் போனா மதிப்புப் போச்சே," என்றார் அம்மையார். "வெறுங்கையால தொடக்கூட இல்லை. எல்லாம் இவர் சொல்லிக் கொடுத்ததுதான்."

செயலாளர் கைப்பிடி நுனியை உற்றுப் பார்த்தார். "மேல்பல் தடம் இருக்கு. நடுவுல ஒரு பல் இடம் விட்டிருக்கு..."

மாமனார் வாயைத் திறந்து காட்டினார். முன்பக்கத்தில், எப்போதோ டிரைவர் போட்ட ஒரு திடீர் பிரேக்கில் கம்பியில் மோதி விழுந்த பல்லின் இடம், அழகாகக் காலியாக இருந்தது.

"ஒத்துப் பார்க்கணுமே," என்று செயலாளர் பரபரத்தார். "எதையாவது கடிச்சுக் காட்ட முடியுமா?"

அம்மையார் ஒரு தட்டை நீட்டினார். தட்டில் பிரிக்கப்பட்ட ஒரு புதுக் குளியல் சோப்பு தயாராக இருந்தது. அதை அவர் எப்போது எடுத்து வைத்தார் என்று நம்மவருக்கு இன்றுவரை தெரியாது. மாமனார் சோப்பை ஒரு கடி கடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே சோப்பை நீட்டினார். செயலாளர் சோப்பையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசல்! என் வாழ்நாள்ல இப்படி ஒரு சாட்சியைப் பார்த்ததில்லை. பொருளும் இருக்கு, ஆளும் இருக்கு, பல்லும் இருக்கு!"

"சார், என் பூட்ஸ்..." என்று நம்மவர் இழுத்தார்.

"இவரோட பல் இங்கே இருக்கு சார். உங்க ஆளோட கால் எங்கே?"

மாமனார் அன்றைக்கே, அந்த ஹாலிலேயே, கைகுலுக்கி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். செயலாளர் மாமனாரின் கையை விடவே இல்லை. செயலாளரை வாசல்வரை வழியனுப்பும்போது நம்மவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"எனக்கு ஏதாவது வழி இருக்கா சார்?"

"ஒரு சுவருக்கு ஒரு உறுப்பினர்தான் சார். ஆனா துணை உறுப்பினர்னு ஒண்ணு இருக்கு. அதே சுவரோட உறுப்பினர் சிபாரிசு பண்ணா சேர்த்துக்கலாம். உங்க மாமனார் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நம்மவர் உள்ளே ஓடிவந்தார். மாமனார் நாற்காலியில் சாய்ந்து, வாயிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மையார் கடிபட்ட சோப்பைக் கவனமாகப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீதான் பூட்ஸ் அழுக்கா இருக்குன்னு சொன்னே!" என்று நம்மவர் முதலில் அங்கே பாய்ந்தார்.

"சொன்னேன். துடைக்கச் சொன்னேனா?"

நம்மவர் கொஞ்சம் இறங்கிவந்து மாமனாரிடம் திரும்பினார்.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை. சிபாரிசு."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, சொல்லிட்டாப் போச்சு," என்றார் மாமனார். "ஆனா இந்த மாதிரி விஷயமெல்லாம் நான் என் பொண்ணைக் கேட்காம பண்றதில்லை."

நம்மவர் மறுபடி அம்மையாரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் 'அடுத்த ஆள்' என்று கூப்பிடுகிற அதே குரலில் அம்மையார் சொன்னார்.

"முதல்ல அந்தப் பூட்ஸை இறக்குங்க. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்."

இறக்கினார். என்ன செய்வார்? இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல எடுத்து, கட்டிலுக்கடியில் தகரப் பெட்டிக்குள் வைத்தார். மறு வாரம் அந்த மூலையில், வெயில் தாக்காத கண்ணாடிக்குப் பின்னால், கடித்த சோப்பு ஏறியது. சங்கத்தில் இருந்து இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், காபி கலந்து கொடுப்பது நம்மவர்தான்.

சிபாரிசு விஷயத்தை மாமனார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.